தகரக்குவளை ஏரிக்கு மூன்று பேர்

கால்டர் ஊரில் படகுக்காரர்களுக்கு வண்டி திருப்பிக் கொடுக்க ஒரே ஓர் ஆள்தான் இருந்தாள். அந்த ஒரே ஆள் தன் புருஷனின் முதல் மனைவியாக இருந்து தொலைத்ததுதான் மார்னியின் தலையெழுத்து.

வண்டி திருப்புவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. காட்டுக்குள் ஓர் ஏரியில் படகை இறக்குகிறார்கள். ஏரிக்கு ஏரி தாண்டி, நடுவே நிலம் வந்தால் படகைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்து, ஒன்பது நாள் கழித்து எங்கேயோ வேறோர் ஏரியில் கரையேறுகிறார்கள். தொடங்கின இடத்தில் விட்டுவந்த வண்டியால் அவர்களுக்கு என்ன பிரயோஜனம்? யாராவது கூடவே வந்து, இறக்கிவிட்டு, அதே வண்டியை ஓட்டிக்கொண்டு போய், சொன்ன நாளில் முடிகிற இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். முன்பெல்லாம் இதை ஒரு பிளம்பர் செய்துகொண்டிருந்தார். அவர் மகள் வீட்டோடு போய்விட்டார். அதன்பிறகு அய்லாதான். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள், கோடை விடுமுறையில் சும்மா இருப்பானேன் என்று இதை எடுத்துக்கொண்டாள்.

அய்லாவுக்கும் ரெய்னோவுக்கும் பதினாலு வருஷக் கல்யாணம். மார்னி கால்டரின் மருந்துக்கடைக்கு வேலைக்கு வருவதற்கு நாலு வருஷம் முன்பே அது முறிந்துவிட்டது. அய்லா யாரிடமும் எதையும் பிடுங்கவில்லை, மார்னியும் பிடுங்கவில்லை. ஊருக்கும் இதில் ஒரு பேச்சும் கிடையாது. எல்லாம் சரி. ஆனால் பொறாமைக்குக் காலண்டர் பார்க்கத் தெரியுமா? எட்டு வருஷமாகக் குடித்தனம் நடத்தியும் மார்னிக்கு அய்லா பெயரைக் கேட்டால் அடிவயிறு திகுதிகுவென்று எரியும்.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்த வரைபடம்.

பிப்ரவரி மாதம் வெளியே பனி இடுப்பளவு கிடக்கும்போது, வடமேற்கு ஒன்டாரியோவில் பாதி வீடுகளில் சமையலறை மேஜைமேல் ஏரி வரைபடம் விரிந்திருக்கும். இந்த வருஷம் எங்கே படகை இறக்குவது என்று அடித்துக்கொள்கிற காலம் அது. ரெய்னோ விரிப்பது மடிப்பெல்லாம் ஒட்டுப்போட்ட பழைய வரைபடம். அதில் ஏரிக்கு ஏரி அய்லாவின் பென்சில் எழுத்து, பொடிப்பொடியாக, வலதுபக்கம் சாய்ந்த எழுத்து. 'இந்தக் கரையில் புளூபெரி.' 'பெண் மூஸ் மான், குட்டியோடு.' 'இங்கே தங்காதே, கரடி.' ஓர் ஓடையின் பக்கத்தில், 'ரெ. வழுக்கி விழுந்தான். சிரித்துச் செத்தேன்.'

அந்தச் சிரித்துச் செத்தேன்தான் மார்னியைக் கொன்றது. ஒருநாள் ரெய்னோ வேலைக்குப் போயிருந்தபோது ரப்பரை எடுத்து அதைத் தேய்த்தே விட்டாள். பென்சில் போயிற்று. எழுத்து அழுந்திய தடம் போகவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. மார்னி ரப்பரை மேஜை இழுப்பறைக்குள் விட்டெறிந்துவிட்டு, வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லவில்லை.

அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். அந்தப் பெண்ணின் துடுப்பு படாத ஓர் ஏரி, ஒரே ஓர் ஏரி. அங்கிருந்து தொடங்க வேண்டும்.

இந்தப் பிப்ரவரியில் வரைபடத்தை அங்குலம் அங்குலமாகச் சலித்தாள். வடக்கு மூலையில், மரம் வெட்டுகிறவர்கள் போட்ட பாதை போய்ச் சேருகிற இடத்தில், தகரக்குவளை ஏரி என்று ஒன்று இருந்தது. சுற்றி இருக்கும் ஏரிகளில் எல்லாம் அய்லா எழுதியிருந்தாள். இதில் மட்டும் ஓர் எழுத்து இல்லை, ஒரு புள்ளி இல்லை. மார்னிக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. மறுநாளே கடையில் புது வரைபடம் வாங்கி வந்து, அந்த ஏரியைச் சுற்றி அழுத்தி ஒரு வட்டம் போட்டு, ரெய்னோ ரொட்டி தின்றுகொண்டிருக்கும்போது அவன் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தாள்.

ரெய்னோ பார்த்தான். மென்று முடித்தான். சரி என்றான்.

அவ்வளவுதான். ஒரு கேள்வி இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. "அப்ப பின்னிருக்கை உனக்குத்தான்" என்று மட்டும் சொன்னான். அது கால்டர் படகுக்காரர்களின் வழக்கம். தொடங்கும் இடத்தைத் தேர்ந்தவர் எவரோ அவர்தான் பின்னால் உட்கார்ந்து படகைச் செலுத்த வேண்டும். போன இடம் சொதப்பினால் திட்டுவாங்குகிறவரும் அவரே. எட்டு வருஷமும் இடம் பார்த்தவன் ரெய்னோ, அதனால் எட்டு வருஷமும் மார்னி முன்னிருக்கை. வசந்தத்தில் பனி உருகியதும் ஊர் ஏரியில் பின்னால் உட்கார்ந்து பழகிப்பார்த்தாள். படகு செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வந்தது. போகட்டும், போகப்போக வரும் என்று தேற்றிக்கொண்டாள்.

ஆனால் வண்டி திருப்ப அய்லாவைக் கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும். பிப்ரவரியிலேயே போனில் ஏரியின் பெயரைச் சொன்னபோது அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அய்லா தேதியை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டாள். 'போயிருக்கீங்களா?' என்று மார்னி கேட்டிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. 'ஓ, எத்தனையோ தடவை' என்று பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து கேட்கவில்லை. அந்தப் பயத்தை ஐந்து மாதம் வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்தாள்.

ஜூலை பத்தாம் தேதி காலை ஆறு மணிக்கு அய்லா வந்தாள். அறுபதை நெருங்குகிறவள், நரைத்த பின்னல் இடுப்புவரை, பேருந்து ஓட்டி ஓட்டி உரமேறிய தோள்கள். ஒரு பிளாஸ்க் காப்பியும், ஏலக்காய் போட்டுப் பின்னிச் சுட்ட புல்லா ரொட்டியும் கொண்டுவந்திருந்தாள். ஃபின்லாந்திலிருந்து வந்த குடும்பங்களில் புல்லா இல்லாமல் பயணம் கிளம்ப மாட்டார்கள். மார்னியின் குடும்பம் அந்த வழி இல்லை. அவள் சுட்ட புல்லாவை ரெய்னோ ஒருமுறை தின்றுவிட்டு, நல்லா இருக்கு என்று சொல்லித் தண்ணீர் கேட்டிருந்தான். இன்றைக்கு வண்டி கிளம்பும் முன்பே இரண்டு துண்டு உள்ளே போய்விட்டது. தண்ணீர் கேட்கவில்லை.

பின்னால் முழுக்க மூட்டை, மேலே படகு. முன்னால் ஒரே நீள இருக்கையில் மூன்று பேரும் உட்கார வேண்டும். வழி பழக வேண்டும் என்பதால் அய்லாதான் ஓட்டுவாள். ரெய்னோவை நடுவில் உட்காரவைத்தால் அவள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் போவான். அதற்கு மார்னி இந்தப் பயணத்தையே நிறுத்திவிடுவாள். ஆகவே, கியர் கம்பி முழங்காலில் இடித்தாலும் பரவாயில்லை என்று, தானே நடுவில் சுவர் மாதிரி உட்கார்ந்தாள்.

"முட்டிக்குப் போடற பட்டை எடுத்துக்கிட்டியா?" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டே கேட்டாள் அய்லா.

ரெய்னோ பேந்தப் பேந்த விழித்தான். இறங்கி ஓடிப்போய் எடுத்துவந்தான். மருந்துக்கடையிலிருந்து அந்தப் பட்டையை வாங்கிக்கொடுத்ததே மார்னிதான். ஞாபகப்படுத்தியது மட்டும் அய்லா. மார்னி கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தாள்.

தார்ச்சாலை முடிந்து மரம் வெட்டும் பாதை தொடங்கியது. ஒற்றைப் பாதை, எதிரே கட்டை லாரி வந்தால் நினைத்த இடத்தில் ஒதுங்க முடியாது. அதனால் கிலோமீட்டர் பலகை ஒவ்வொன்றிலும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். "பதினாலு. சின்ன வண்டி, உள்ள வருது," என்று அய்லா சொல்வாள், அலுப்பில்லாத தடித்த குரலில். எங்கிருந்தோ ஒரு லாரிக்காரன், "அய்லாவா? வா வா, நான் முப்பதுல ஒதுங்கி நிக்கறேன்" என்றான். காட்டுக்குள் முகம் தெரியாத லாரிக்காரனுக்குக்கூட இவளைத் தெரிந்திருக்கிறது. ரேடியோவைத் தான் பிடிக்கட்டுமா என்று மார்னி கேட்டாள். வாங்கி, இருபத்திரண்டு என்பதற்குப் பதில் இருபத்தைந்து என்று சொல்லிவிட்டாள். அய்லா ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டித் திரும்ப வாங்கிக்கொண்டாள். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. பள்ளம் கண்ணில் படுவதற்கு முன்பே அய்லா வேகத்தைக் குறைத்தாள். முப்பத்தெட்டில் ஒரு வளைவு, அதற்குப் பின்னால் ஓடை பாதையில் ஏறி ஓடியது. வளைவுக்கு முன்பே அவள் கியர் மாற்றினாள். இந்த வழியில் வராதவளுக்கு இது எப்படித் தெரியும்? வந்திருக்கிறாள். நிச்சயம் வந்திருக்கிறாள். ஐந்து மாதம் பார்த்துப் பார்த்து வட்டம் போட்ட ஏரி, அதிலும் இவள் கால் நனைத்திருக்கிறாள் என்றால் மிச்சம் என்ன இருக்கிறது? ரெய்னோ மட்டும் புல்லாத் துணுக்குகளைச் சட்டையிலிருந்து தட்டிக்கொண்டு வெளியே மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐம்பத்திரண்டாவது கிலோமீட்டரில் பாதை இரண்டாகப் பிரிந்தது. அய்லா வண்டியை நிறுத்தினாள். இன்ஜினையும் நிறுத்தினாள்.

"எந்தப் பக்கம்?" என்றாள்.

மார்னிக்குப் புரியவில்லை. "உங்களுக்குத் தெரியாதா?"

"இதுவரைக்கும் மூணு தடவை வந்திருக்கேன். இதுக்கு அந்தாண்ட வந்ததில்ல."

மார்னியின் நெஞ்சுக்குள் மணி அடித்தது. வந்ததில்லையாம்! தகரக்குவளை ஏரியில் இவள் கால் படவில்லை. அப்பாடா என்று வாய்விட்டே சொல்லியிருப்பாள், அடக்கிக்கொண்டாள். இங்கேவரை மூன்று தடவை வந்தவள் ஏன் திரும்பினாள் என்று கேட்கவேண்டும் என்றுகூட அப்போது தோன்றவில்லை. ரெய்னோ ஏன் திடீரென்று ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டுகிறான் என்றும் அவள் யோசிக்கவில்லை.

புது வரைபடத்தில் ஒரே ஒரு கோடுதான் போட்டிருந்தது, பிரிவே இல்லை. இடதுபக்கம் புதுசாகச் சரளை கொட்டின பாதை. வலதுபக்கம் புதர் மண்டி, சக்கரத் தடத்தின் நடுவில் ஆளுயரத்துக்கு ஆல்டர் செடி. ரெய்னோ இடது என்றான். வண்டிப் பெயின்ட் கீறிவிடுமே என்ற பயம் அவனுக்கு. மார்னி யோசித்தாள். வரைபடம் அச்சடித்து வருஷக்கணக்காகிறது. அதில் இருக்கிற கோடு பழைய பாதையாகத்தானே இருக்க முடியும்?

"வலது பக்கம்," என்றாள்.

அய்லா திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தாள். முதல்முறையாக மார்னிக்கு அந்தப் பார்வையில் எதிராளியைப் பார்ப்பதுபோல ஏதோ தெரிந்தது, பிடிக்கவும் செய்தது. புதருக்குள் வண்டி இறங்கியது. கிளைகள் இருபுறமும் கீறிக்கொண்டே வந்தன. ஒவ்வொரு கீறலுக்கும் ரெய்னோ ஒரு முனகல் முனகினான். நாலு கிலோமீட்டர் போனதும் பாதை அறுந்துபோயிருந்தது. மரம் கொறிக்கிற பீவர்கள் ஓடையில் அணை கட்டி, தண்ணீர் முட்டி, பாதைக்கடியில் இருந்த குழாயையே பெயர்த்துக்கொண்டு போயிருந்தது. ஆனால் மரங்களின் இடுக்கில், ஒரு கிலோமீட்டர் தள்ளி, வெள்ளையாக ஏரி பளபளத்தது.

இறங்கி நடக்க வேண்டியதுதான். ரெய்னோ முட்டிப்பட்டையை இறுக்கிக்கொண்டு, படகைத் தலைமேல் கவிழ்த்து முன்னால் போனான். வண்டி திருப்புகிறவள் மூட்டை தூக்க வேண்டிய அவசியமே இல்லை. அய்லா கேட்காமலே பெரிய மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டாள். மார்னி வேண்டாம் என்று தடுத்தும் பார்த்தாள். வீம்பாகச் சின்ன மூட்டையையும் துடுப்புகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, மாட்டு ஈக்களை விரட்டக் கை இல்லாமல் கழுத்தைக் குலுக்கிக் குலுக்கி நடந்தாள்.

படகு திருப்பத்தில் மறைந்ததும் அய்லா நின்றாள்.

"பதினாலு வருஷம் இந்த ஏரியைக் கேட்டேன்," என்றாள்.

"எந்த ஏரியை?"

"இதோ, நீ போற ஏரியைத்தான். ஒவ்வொரு பிப்ரவரியும் விரல் வெச்சுக் காட்டுவேன். ரோடு மோசம்பான். ஸ்பிரிங் போயிடும்பான். மூணு வருஷம் அடம்புடிச்சு அந்தப் பிரிவு வரைக்கும் இழுத்துக்கிட்டு வந்தேன். மூணு தடவையும் வண்டியத் திருப்பிட்டான். கடைசி வரைக்கும் இடம் பாத்தது அவன்தான். பின்னாடி அவன், முன்னாடி நான்."

மூச்சு வாங்கிக்கொண்டாள். முகம் சிவந்திருந்தது. நடையினால் மட்டும் வந்த சிவப்பு இல்லை அது.

"நீ போன் பண்ணி இந்தப் பேரைச் சொன்னப்ப, அடுப்புல பால் இருந்துச்சு. கருகற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னேன். இவகிட்ட மட்டும் எப்படி சரின்னான்னு அஞ்சு மாசமா மண்டைய உடைச்சுக்கறேன். யாரு மேலயும் இவ்வளவு வயித்தெரிச்சல் பட்டதில்ல மார்னி, சத்தியமா."

மார்னிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். மறைப்பானேன்? குதிக்கலாம்போல் இருந்தது. எட்டு வருஷம் இவளைப் பார்த்து வெந்தது போக, இவள் தன்னைப் பார்த்து வெந்திருக்கிறாள். பதினாலு வருஷம் கேட்டும் கிடைக்காதது தனக்கு ஒரு வாய் ரொட்டி மெல்லுகிற நேரத்தில் கிடைத்திருக்கிறது. அந்தச் சந்தோஷத்தை அவள் பத்தடி தூரம் அனுபவித்துக்கொண்டே நடந்தாள்.

பதினோராவது அடியில் அது கசந்தது. அந்த வரைபடத்தில் இருந்த எழுத்தெல்லாம் ரெய்னோ தேர்ந்த ஏரிகள். முன்னிருக்கையில் உட்கார்ந்து கண்ணில் பட்டதை அய்லா எழுதிவைத்திருக்கிறாள், அவ்வளவுதான். அவள் ஆசைப்பட்ட ஒரே ஏரியில்தான் எழுத ஒன்றும் இல்லாமல் போயிருக்கிறது. எழுத்தில்லாத இடம் தேடித் தேடி, மார்னி சரியாக அதிலேயே கையை வைத்திருக்கிறாள்.

"எங்கிட்ட மட்டும் ஏன் சரின்னானாம்?" என்று கேட்டாள். ஒரு நல்ல பதிலை எதிர்பார்த்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அய்லா மூட்டையைத் தூக்கிப் போட்டு நேராக்கிக்கொண்டாள். "வயசாயிடுச்சு. சண்டை போடத் தெம்பில்ல அவனுக்கு."

மார்னிக்குச் சுருக்கென்றது. அப்படியும் இருக்கலாம் என்பதுதான் இன்னும் சுருக்கென்றது.

கரையில் ரெய்னோ படகைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, ஒரு காலைப் பின்னிருக்கைப் பக்கம் உள்ளே வைத்திருந்தான். வழக்கம், வாக்கு எல்லாம் மறந்து, கால் தானாக அங்கே போயிருந்தது. ஏரி சின்னதுதான். கைப்பிடியில்லாத குவளை மாதிரி வட்டமாக, மூன்று பக்கமும் பாறை, நடுவில் ஒற்றைப் பைன் மரத்தோடு ஒரு தீவு. இதற்கா இத்தனை பாடு என்று யாராவது கேட்கலாம். அய்லா மூட்டையை இறக்கவும் மறந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரெய்னோ, காலை எடு," என்றாள் மார்னி.

எடுத்தான்.

"அய்லா, ஏறு. முன்னாடி உக்காரு."

"நானா?"

"இடம் பாத்தவ நான். அதனால பின்னாடி நான்தான் உக்காருவேன், அத யாருக்கும் விடறதா இல்ல. ஏறு, ஈ கடிக்குது."

"அப்ப நான்?" என்றான் ரெய்னோ.

"நீ மூட்டைக்குக் காவல் இரு. முட்டி வலிக்குதில்ல."

தீவுவரை போய்த் திரும்புவதாகப் பேச்சு. அய்லாவின் துடுப்பு தண்ணீரில் இறங்கும்போது சத்தமே இல்லை. மார்னியின் துடுப்பு சளக் சளக் என்றது. படகு வழக்கம்போல வலதுபக்கம் ஒடித்துக்கொண்டு போயிற்று. முன்னாலிருந்து அய்லா ஒரு இழுப்பில் அதை நேராக்கினாள்.

"நீ திருத்தாத," என்றாள் மார்னி.

அய்லா துடுப்பை மடியில் வைத்துக்கொண்டாள். மார்னி கஷ்டப்பட்டுச் செலுத்தினாள். எதிரே நிமிர்ந்த தோள்கள், நரைத்த பின்னல், வேர்வையில் ஒட்டின சட்டை. இந்த முதுகைத்தான் அவன் பதினாலு வருஷம் பார்த்துக்கொண்டு வந்தான். அப்புறம் எட்டு வருஷமாகத் தன் முதுகை. இது நல்ல முதுகு, தன்னுடையதைவிட நேரான முதுகு. பாழாய்ப்போன வயிறு மறுபடியும் எரிய ஆரம்பித்தது.

"பின்னாடியிருந்து பாத்தா என்ன தெரியுது?" என்று திரும்பாமலே கேட்டாள் அய்லா.

"உன் முதுகுதான்."

அய்லா மடியிலிருந்த துடுப்பின் நுனியைத் தண்ணீரில் நனைத்து எடுத்தாள். பிறகு, "அவ்வளவுதானா?" என்றாள். "பதினாலு வருஷமா அங்க என்னமோ இருக்குன்னு நெனச்சேன்."

மார்னி துடுப்பை நிறுத்தினாள். கரையில் ரெய்னோ மூட்டைமேல் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டு, கண்ணுக்கு மேல் கை வைத்து இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பெண்கள் இருவரும் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாத தவிப்பு அவன் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. அவனும் கொஞ்சம் வேகட்டும் என்று நினைத்தாள்.

"திரும்பி உக்காரு," என்றாள்.

காலி படகில் இது சுலபம். எழுந்திருக்க வேண்டியதில்லை, அவரவர் இருக்கையில் காலை மாற்றிப் போட்டால் போதும். இருவரும் திரும்பினார்கள். முன் பின்னாயிற்று, பின் முன்னாயிற்று. இப்போது மார்னிக்கு எதிரே யார் முதுகும் இல்லை, கரையும் அதில் ஒரு புருஷனும் மட்டும்தான். அய்லா அவளுக்குப் பின்னால் இருந்தாள்.

"எனக்கு நேரா ஓட்ட வராது," என்றாள் அய்லா. "பின்னாடி உக்காந்ததே இல்ல."

"எனக்கு மட்டும் வந்துச்சா? ஓட்டு."

பின்னால் துடுப்பு இறங்கியது, சத்தமில்லாமல். படகு ஒருமுறை தயங்கிவிட்டு, கோடு போட்ட மாதிரி நேராகப் போயிற்று, கொஞ்சம்கூட ஒடிக்காமல். முதல் தடவையிலேயே! மார்னிக்கு வயிறு பற்றி எரிந்தது.

"எங்க போறீங்க?" என்று கரையிலிருந்து கத்தினான் ரெய்னோ. கரையை நோக்கி வந்த படகு அரைவட்டம் அடித்து, அவனை விட்டு விலகி, தீவைச் சுற்றப் போய்க்கொண்டிருந்தது.

"ரோடு நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொல்லு அவன்கிட்ட," என்றாள் அய்லா.

மார்னி இரண்டு கையையும் வாயருகே குவித்து, தன்னால் முடிந்த மட்டும் சத்தமாக அதைச் சொன்னாள்.